எண்பத்து நான்கு அடி

அன்று காலை என் கணவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் கார்த்திகை தீபம். வாசற்படியில் எரிந்து அணைந்த அகல்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இடது காலைத் தூக்கி வலது தொடைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் கடலுக்குப் போகிறவர்களின் கால் நகம் கொம்பு மாதிரி தடித்துப்போயிருக்கும். சினேகா சிதம்பரத்தில் வாங்கி வந்த நகவெட்டி அதற்குப் பற்றாது. “இது பொம்பளைங்க நகத்துக்கு செஞ்சதுடி, ஒனக்கு வரப்போற புருஷனுக்கு வாங்கிக் குடு” என்று மகளைச் சீண்டிக்கொண்டே அதையேதான் உபயோகிப்பார். பெருவிரல் முடிந்து, அடுத்த விரல் முடிந்து, நடுவிரலும் முடிந்தது. அப்போது கடற்கரைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் குரல். படகு வருகிறது என்று அர்த்தம். நகவெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். “டீ போட்டு வை, வந்துர்றேன்” என்றார். நான் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன்.

எங்கள் குப்பத்தில் துறைமுகம் கிடையாது, படகு அணையும் மேடையும் கிடையாது. வருகிற ஃபைபர் படகை அலை உடையும் இடத்திலேயே பிடித்து, பக்கவாட்டில் திரும்ப விடாமல் நேராக மணலுக்கு ஏற்ற வேண்டும். படகில் இருக்கும் நாலு பேரால் அது ஆகாது. பன்னிரண்டு, பதினைந்து பேர் வேண்டும். இதற்கு யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிற ஆம்பிளைகள் போக வேண்டும், அவ்வளவுதான். இதைக் கை வைக்கிறது என்போம். கூலி இல்லை. நன்றி சொல்கிற வழக்கமும் இல்லை, சொன்னால் முறைத்துப் பார்ப்பார்கள். நிச்சயதார்த்தத் தாம்பூலத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா எழுந்து ஓடிப்போய்க் கை வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து மறுபடியும் உட்கார்ந்து பேச்சைத் தொடர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரும் குப்பத்துக்காரர்கள்தான் என்பதால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

அன்று வந்தது என் அண்ணன் பச்சமுத்துவின் படகு. என் கணவர் போன படகு ஏழு மணிக்கே கரையேறிவிட்டது. அண்ணன் வருவதற்குள் வாடைக்காற்று ஏறிவிட்டிருந்தது. பௌர்ணமிக் கடல் வேறு. படகின் பின்பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தள்ளிக்கொண்டிருந்தவர்களில் கடைசி ஆள் என் கணவர். பின்னால் எழும்பிய அலை படகைத் தூக்கிப் பக்கவாட்டில் எறிந்தது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். அவர் மார்பின் மேல் படகின் விளிம்பு இறங்கியது.

நான் ஓடிப்போனபோது அவரை அலைக்கு வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். வெளியே என்றால் முழுக்க வெளியே இல்லை. ஒவ்வொரு அலையும் வந்து அவர் முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறது என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தேன். இடது காலில் மூன்று விரலில் நகம் வெட்டியிருந்தது, இரண்டில் வெட்டவில்லை. தண்ணீர் வந்து மூடியது, வடிந்தது, மறுபடியும் தெரிந்தது. அலை தொடுகிற இடத்தில் ஒரு மனிதரைக் கிடத்தி வைப்பது எங்களில் இல்லை. கடல் எடுத்தது எடுத்ததுதான், ஆனால் எடுத்த பிறகு தொடக்கூடாது. நான் சொன்னேன்: “தூக்குங்க. மேல தூக்குங்க. கால்ல அலை படுது.”

நாலு பேர் தூக்கினார்கள். பத்து எட்டு எடுத்து வைத்து, மூன்று படி ஏறி, வலை பின்னுகிற கூடத்தின் சிமெண்டுத் தரையில் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்துவிட்டு, இனி போலீஸ்தான் வர வேண்டும் என்று திரும்பிப் போனார். போலீஸ் வந்து கேட்டது, “எங்க கெடந்தாரு?” படகில் வந்த ஆண்டி அழுதுகொண்டே, “இங்கதான் சார்” என்று தரையைக் காட்டினார். கூட இருந்த எல்லாரும் அதையே காட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவர் அங்கேதான் கிடந்தார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். குப்பத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். முதியோர் பென்ஷன், பட்டா, சாதிச் சான்றிதழ், தெருக்குழாய் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். பதிலாக வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் நான்தான். நீளமான கடிதத்தை நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடித்துவிட்டு “இல்லையாம்” என்பேன். அவர்களும் “இல்லையாமா” என்று எழுந்து போய்விடுவார்கள். எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏன் இல்லை என்று அந்தக் கடிதங்களை நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

மீனவர் விபத்து நிவாரணத்துக்கு எனக்காக நானே மனு எழுதினேன். அது வந்தால்தான் சினேகா படிப்பை முடிக்க முடியும். அப்போது அவள் கல்லூரியில் முதல் வருஷம். பங்குனி மாதம் வெயில் ஏறிய நேரத்தில் கடலூர் மீன்வளத்துறை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஒருவர் ஆய்வாளர், இன்னொருவர் உதவியாள். நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “எந்த எடம்மா?” என்று கேட்டார்கள். போலீஸ் எழுதிய காகிதம் அவர்கள் கையில் இருந்தது. கூடத்துக்குக் கூட்டிப்போனேன். உதவியாள் பையிலிருந்து கொத்தனார்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு மஞ்சள் டேப்பை எடுத்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஆண்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள்.

“நீங்க கொஞ்சம் பிடிங்கம்மா” என்றார் ஆய்வாளர்.

நான் கூடத்தின் கடைசிப் படியில் நின்று டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டேன். உதவியாள் டேப்பை உருவிக்கொண்டே கடலைப் பார்த்து நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். பங்குனியில் கடல் உள்வாங்கிக் கிடக்கும், மணல் அகலமாக விரிந்திருக்கும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறது. ஈர மணலில் நின்று அவர், “எண்பத்தி நாலு சார்” என்று கத்தினார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். “அவ்வளவுதாம்மா, தேங்க்ஸ்” என்றார். வெயிலில் டேப்பின் இரும்பு முனை சுட்டது. எதற்கு அளக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செத்தவர் வீட்டில் எதையாவது அளப்பார்கள், எழுதுவார்கள், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் கடிதம் வந்தது. இறந்தவர் கடலில் இல்லாமல் கடல்நீர் எல்லையிலிருந்து 84 அடி தூரத்தில் நிலப்பரப்பில் இருந்துள்ளார் என்பதும், அன்றைய தனது தொழிலை முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர் என்பதும், சம்பந்தப்பட்ட படகின் தொழிலாளி அல்ல என்பதும் கள ஆய்வில் தெரியவருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது. படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். சினேகா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லையாமாம்மா?” என்றாள்.

அந்தக் கேள்வியை என் வீட்டுக்குள் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஏழு மாதமாக அழுகை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடலூருக்குப் போனேன்.

அலுவலகத்தில் என் கோப்பை வைத்திருந்தவர் நல்ல மாதிரிதான் பேசினார். உட்காரச் சொன்னார். அவர் மரியாதையாகப் பேசியதால்தான் அவர் சொன்னதெல்லாம் இன்னும் மனசில் நிற்கிறது.

“கடல்ல போயிருந்தா ஒரு பிரச்சனையும் இல்லம்மா. ஆறு மாசத்துல முடிஞ்சிருக்கும். இவரு கரையில போயிட்டாரு.”

“கரைதான் சார் கஷ்டமான எடம். நடுக்கடல்ல அலை ஒடையாது.”

“அது சரிம்மா. ரூல்ல தொழில் செய்யும்போதுன்னு இருக்கு. இவரு தொழிலு முடிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. அப்பறம் ஒத்தாசைக்குப் போயிருக்காரு. நான் ஆபீஸ் முடிஞ்சி போற வழியில எவன் பைக்கையாவது தள்ளிவிட்டு செத்தா கவர்மெண்ட்டு எனக்குக் குடுக்குமா? சொல்லுங்க.”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். “ஒனக்கு எப்பிடி செத்தாலும் குடுக்காதுப்பா” என்றார். இவரும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போடுங்கம்மா. இதுல ஒண்ணும் ஆவாது. வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க” என்றார்.

பேச்சை முடிப்பதற்காக அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அந்த அலுவலகத்திலிருந்து நான் உருப்படியாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

சினேகாவின் கல்லூரியில் ஒருநாள் சட்ட உதவி முகாம் நடந்து, ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் வக்கீல் இலவசம் என்று போட்டிருந்தது. சிதம்பரம் கோர்ட்டு வளாகத்தில் அந்த அறையைக் கண்டுபிடிக்க மூன்று பேரைக் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு ஒதுக்கிய வக்கீல் பிரிசில்லா. முப்பது வயதுகூட இருக்காது. கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, கடிதத்தை இரண்டு தடவை படித்தார். யாரும் என் கடிதத்தை அப்படி இரண்டாம் தடவை படித்ததில்லை.

“அக்கா, நான் பெண்ணாடம். எங்க ஊருல கரும்பு லாரியத்தான் பாத்திருக்கேன். கடலுக்கும் எனக்கும் சம்பந்தமே கெடையாது. ஒண்ணும் தெரியாதவகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். அகல் விளக்கிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“பத்து எட்டு தூக்கிட்டுப் போனோம்கறீங்க. இவங்க எண்பத்தி நாலு அடின்னு போட்டிருக்காங்க. பத்து எட்டு எப்பிடிக்கா எண்பத்தி நாலு அடியாவும்?”

“அன்னிக்கு கடல் அங்க இருந்துச்சு மேடம். இவுங்க அளந்தன்னிக்கு இல்ல.”

“கடல் நவுருமா?”

“கார்த்திகையில மேல ஏறும். பங்குனியில எறங்கிக் கெடக்கும். கூடத்துப் படி வரிக்கும் வரும். வருஷா வருஷம் நடக்கறதுதான்.”

பிரிசில்லா என்னையே பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து, தேதியைப் பார்த்து, மறுபடியும் என்னைப் பார்த்தார். “இத யாருமே அவங்ககிட்ட சொல்லலியா?”

“யாரும் கேக்கலியே.”

“சரி. போலீஸ் ரிப்போர்ட்ல கூடத்துலயே கெடந்தாருன்னு இருக்கு. அங்க தூக்கிட்டுப் போகச் சொன்னது யாரு அக்கா?”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வழியெல்லாம் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தேன்.

“நாந்தான்” என்றேன்.

அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்கும். “அப்ப அத நீங்களே எழுதித் தரணும். ஏன் தூக்கச் சொன்னீங்கன்னும் எழுதணும். கால்ல அலை பட்டுதுன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் நமக்கு சாட்சி” என்றார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் எழுதின கை, இந்த வாக்குமூலம் என்றதும் மூன்று நாள் ஓடவில்லை. நான் தூக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் போலீஸ் வரும்வரை அவர் அலையிலேயே கிடந்திருப்பார். அலையில் கிடந்தார் என்றே அவர்கள் எழுதியிருப்பார்கள். ஆய்வாளர் அங்கேயே அளந்து பூஜ்யம் என்று போட்டிருப்பார். என் புருஷனின் காலைத் தண்ணீரிலேயே விட்டிருக்க வேண்டும், அப்படி விட்டிருந்தால் அவரை மீனவர் என்று ஒத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மனுஷியிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? நாலாம் நாள் எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடும்போது அந்த ஆய்வாளருக்கு நான் கொடுத்த மோர் ஞாபகத்துக்கு வந்தது.

இனி அண்ணன் எழுதித் தர வேண்டும். படகு அவனுடையது. போலீஸ் யார் படகு என்று கேட்டபோது யாரோ ஒருவர் ஊர்ப் படகு என்று சொல்ல, அப்படியே விட்டுவிட்டார்கள். மத்தியானம் கூடத்தில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் ஊசியை நிறுத்தவில்லை.

“சொல்லலாம் வாணி. சொன்னா அடுத்தது இன்னா கேப்பான்? படகு நம்பர் இன்னாம்பான். ரெனிவல் பண்ணி ரெண்டு வருஷம் ஆவுது. டீசல் மானியத்த நிறுத்துவான். தடைக்கால நிவாரணத்த நிறுத்துவான். என்னையும் கொண்டுபோயி அந்த ஆபீஸ்ல நிக்க வெப்பியா?”

“ஒன் படகு இல்லன்னா அவரு யாரு படகுக்குண்ணே போனாரு?”

அவர் கிடந்த தரையில்தான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கும் அது தெரியும். ஊசியை வலையில் செருகிவிட்டு, “நானா கூப்ட்டேன்?” என்று முணுமுணுத்தான். சொன்ன உடனே தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் குப்பத்தில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவனோடு பேசவில்லை. அவன் படகு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். சத்தம் கதவுக்குள்ளும் கேட்கும்.

மேல்முறையீட்டு விசாரணை மறு பங்குனியில் கடலூரில் வைத்தார்கள். சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், இரண்டு வரிசை முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை. திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் என்னிடம் வந்தபோது, “முன்னாடி ஒக்காந்திருக்கவரு டிக்கெட் எடுத்துட்டாரும்மா” என்றார்.

விசாரணை அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேலதிகாரி. பிரிசில்லா நின்றுகொண்டு பேசினார். போலீஸ் எழுதிய உடைமைப் பட்டியலில், உடுத்தியிருந்த கைலி நனைந்து மணல் ஒட்டிய நிலையில் என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார்.

“மழைக்காலம்மா. மழையில நனஞ்சிருக்கும்” என்றார் அதிகாரி.

“மழையில நனஞ்சா மடிப்புக்குள்ள மணல் எப்பிடி சார் போவும்?”

அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, “படகுக்காரர் யாரு?” என்று கேட்டார். அண்ணன் முன்னால் போனான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். படகின் பதிவு. அபராதம் கட்டி, அந்த மாதம்தான் புதுப்பித்திருந்தான்.

“இறந்தவர் ஒங்களுக்கு என்ன வேணும்?”

“மச்சான் சார். தங்கச்சி வூட்டுக்காரரு.”

“படகுல ஆளா வந்தாரா?”

“இல்ல சார். கை வெக்க வந்தாரு.”

“நீங்க கூப்ட்டீங்களா?”

“கூப்பிட மாட்டோம் சார்.”

“கூப்பிடாம எதுக்கு வந்தாரு?”

“நான் வந்தேன் சார், அதான் வந்தாரு” என்றான். அதிகாரி புரியாமல் பிரிசில்லாவைப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. “படகு மணலுக்கு ஏறுனாத்தான் சார் தொழிலு முடியும். அது வரிக்கும் முடியாது. அவரு படகு ஏறும்போது நான் கை வெப்பேன். என்னுது ஏறும்போது அவரு. அவரு தொழில்ல பாதி என் படகுலதான் சார் இருக்குது.”

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதை அப்படியே அடித்தாள். சத்தம் கேட்டது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூரம்தான் பிரச்சனை என்றார். ஆய்வாளர் போட்டது எண்பத்து நான்கு, இவர்கள் சொல்வது பத்து எட்டு, எதை நம்புவது, அடுத்த வாரமே ஆள் அனுப்பி மறுபடியும் அளந்துவிடலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“அடுத்த வாரம் அளந்தா அதேதான் சார் வரும். அன்னிக்கு அந்த டேப்போட முனையப் புடிச்சிக்கிட்டு நின்னது நான். எதுக்குன்னு சொல்லாம என்னையே புடிக்க வெச்சாங்க. கடல் இப்ப எறங்கிக் கெடக்குது. அவரு செத்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். அன்னிக்கு வந்து அளங்க.”

“அதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கேம்மா. கடல் வர்ற வரைக்கும் ஃபைல் காத்திருக்குமா?”

“ஒன்ற வருஷமா நாங்க காத்திருக்கோம் சார். ஃபைலுக்கு இன்னா அவசரம்?”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பிரிசில்லா உடனே ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார்: மறு அளவீடு சம்பவம் நடந்த அதே பருவத்தில், அதே பௌர்ணமியை ஒட்டிய நாளில், மனுதாரர் முன்னிலையில். அதிகாரி நீண்ட நேரம் படித்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தான். நான் குடித்தேன். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

ஐப்பசியில் பிரிசில்லா இரண்டு நினைவூட்டல் கடிதம் அனுப்பினார். கையெழுத்துப் போட்ட அதிகாரி மாறுதலாகிப் போய்விட்டார் என்றார். உத்தரவு கோப்பில் இருக்கிறது, அதனால் வந்துதான் ஆக வேண்டும் என்றார். நான் சிதம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் நூறு அடி டேப் ஒன்று வாங்கினேன். அவர்கள் மறந்துவிட்டு வந்தால் அதைக் காரணம் சொல்லிவிடக் கூடாது. அலுவலகத்திலிருந்து, தங்களுக்காக உள்ளூரில் வேலை பார்க்கும் ஒருவர் வழியாக நேரமும் சொல்லி அனுப்பினார்கள், காலை பத்து மணி என்று.

தீபத்துக்கு மறுநாள் விடியும்போதே வாடைக்காற்று வீசியது. எட்டு மணிக்கே நான் கூடத்துக்குப் போய்விட்டேன். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு சினேகாவும் வந்தாள். போன வருஷத்தைவிட மணல் இன்னும் அரித்துப்போயிருந்தது. பத்தே கால் ஆனது. பதினொன்று ஆனது. பிரிசில்லா ஃபோன் செய்தார்.

“அக்கா, ஆபீஸுக்குப் பேசினேன். வண்டி இல்லையாம். வேற தேதி சொல்றாங்களாம்.”

“வேற தேதின்னா?”

“தை மாசம் பாக்கலாம்கறாங்க.” அவர் குரல் உடைந்துபோயிருந்தது. அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்ல முடியும்? “நான் விட மாட்டேங்க்கா. திரும்பவும் மனு போடறேன். நீங்க அங்கியே இருங்க, ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. நேரமும் தேதியும் தெரியற மாதிரி” என்றார்.

சினேகா செல்ஃபோனோடு மேலே தூண் பக்கத்தில் நின்றாள். நான் கடைசிப் படிக்கு இறங்கி, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் டேப்பின் முனையை வைத்துப் பிடித்தேன். மறுமுனையை யார் எடுத்துக்கொண்டு போவது என்று அவள் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அலை வந்தது. படியில் மோதி, என் கணுக்கால் வரை ஏறி, சேலைக் கரையை நனைத்துவிட்டு இறங்கியது. டேப்பை உருவ வேண்டியிருக்கவில்லை.

வடக்கே அண்ணனின் படகு அலையை ஏறி வந்துகொண்டிருந்தது. அங்கங்கே குடிசை நிழல்களிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் ஆண்கள் எழுந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரை நோக்கி ஓடினார்கள்.

கோப்பில் இன்றைக்கும் எண்பத்து நான்கு அடிதான் இருக்கிறது.